டிராக்டரின் கிளட்சைக் கிராமத்திலேயே மாற்றும் முறை

சேற்றுழவு நடக்கும் வேளையில் டிராக்டரின் கிளட்ச் தேய்ந்து வண்டி நின்றுவிடுமாயின், அதனால் உண்டாகும் நஷ்டம் பழுது பார்க்கும் கூலியோடு முடிவதில்லை. நாற்று முதிர்ந்து போகும். முறைத் தண்ணீர் வீணாகும். நடவுக்குச் சொல்லி வைத்த ஆட்கள் வேறிடம் போய்விடுவர். தகுந்த கருவிகளும், இவ்வேலையில் முன்பே கை பழகிய ஒருவரும், உதவிக்கு இருவரும் கிடைப்பின், வண்டியைப் பட்டணத்திற்கு இழுத்துச் செல்லாமல் களத்திலேயே கிளட்சை மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் ஏறக்குறைய 2 டன் எடையுள்ள யந்திரத்தை நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருப்பதால், முறை தவறினால் உயிருக்கே அபாயம் நேரும் என்பதை முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டும்.

கிளட்சின் அமைப்பு

என்ஜினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குச் சேர்ப்பதும், வேண்டியபோது பிரிப்பதும் கிளட்சின் தொழில். என்ஜினின் பின்புறத்தில் சுழலும் பிளைவீலுக்கும், வில்களால் அழுத்தப்படும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் தகடு இருக்கிறது. பெடலை மிதித்தால் அழுத்தம் நீங்கித் தகடு விடுபடுகிறது. காலை எடுத்தால் மீண்டும் பற்றிக்கொள்கிறது. இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டர்களில் தகடுகள் இரண்டு. பெடலைப் பாதியளவு மிதித்தால் சக்கரங்களுக்குச் செல்லும் ஓட்டமும், முழுதும் மிதித்தால் பி.டி.ஓ. தண்டின் ஓட்டமும் நிற்கும்.

லாரியில் என்ஜினையும் கியர் பெட்டியையும் தனியான இரும்புச் சட்டம் தாங்குகிறது. ஆகையால் கியர் பெட்டியை மட்டும் பின்னுக்கு இழுத்து இறக்கினால் போதும். பெரும்பாலான டிராக்டர்களுக்கு அத்தகைய சட்டம் இல்லை. 1917-இல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு வெளியிட்ட போர்ட்சன் டிராக்டரில், என்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் கூடுகளையே ஒன்றோடொன்று முடுக்கி வண்டியின் முதுகெலும்பாக அமைத்தார்கள். பின்வந்த டிராக்டர்கள் பலவும் அம்முறையையே தழுவின. ஆதலின் கிளட்சை அடைய வேண்டுமாயின் முதுகெலும்பையே பிரிக்க வேண்டியிருக்கிறது.

பழுதை அறிதல்

என்ஜின் வேகம் கூடியும் வண்டியின் வேகம் கூடாதிருத்தல், பளுவில் கருகல் நாற்றம் வீசுதல் ஆகியவை தகடு வழுக்குவதற்கு அடையாளங்கள். பெடலை முழுதும் மிதித்தும் கியர் கரகரவென்று உராய்ந்து விழுமாயின், கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்று அறியலாம். மிதித்தவுடன் மட்டும் கீச்சென்ற ஓசை எழுமாயின், அநேகமாக ரிலீஸ் பேரிங்கே பழுதாகியிருக்கும்.

வண்டியைப் பிரிக்கத் துணிவதற்கு முன் பெடலின் வெற்றசைவை அளந்து பார்ப்பது அவசியம். பல டிராக்டர்களில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் உண்டு. வெற்றசைவு இல்லாவிடில் புதுத்தகடும் வழுக்கும். மிகுந்தால் நல்ல கிளட்சும் விடுபடாது. இணைப்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்தால் தீரக்கூடிய குறைக்காக வண்டியைப் பிரிப்பது வீண் செலவு.

பிரிப்பதற்கு முன்

வேலை நடக்கும் இடம் சமமாகவும் கெட்டியாகவும் இருத்தல் வேண்டும். சிமெண்டுக் களம் சிலாக்கியமானது. ஈரமண்ணில் ஜாக்கி புதையும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பாட்டரியின் கம்பியைக் கழற்ற வேண்டும். முன்புறத்தில் எடைக்கட்டிகள் இருப்பின், பிரிந்தபின் முன்பாதி தலைகுப்புறச் சாயக்கூடுமாகையால், அவற்றை அகற்றிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது முன் அச்சுக்கு ஆப்பு வைப்பதாகும். மேடுபள்ளங்களில் சக்கரம் ஏறி இறங்கும்பொருட்டு முன் அச்சு நடுவில் ஒரே முளையின்மேல் ஆடும்படி அமைந்திருக்கிறது. வண்டி முழுமையாக இருக்கும் வரையில் பின்பாதி அதைச் சாயாமல் தாங்கும். பிரித்த கணத்திலேயே அத்தாங்கல் போய்விடும்; என்ஜின் பக்கவாட்டிற் கவிழக்கூடும். ஆதலின் அச்சுக்கும் அதன் மேலுள்ள தாங்கிக்கும் இடையில், இருபுறமும் கெட்டியான மர ஆப்புகளை இறுக அடித்து, அச்சு அசையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும்.

கிளட்ச் கூட்டின் அடியில் நிலையான இரும்புத் தாங்கியும், என்ஜினின் அடியில் மரக்கட்டை வைத்த உருளை ஜாக்கியும் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி, எக்காரணத்தைக் கொண்டும் எவரும் அடியிற் புகலாகாது. செங்கல் திடீரென்று நொறுங்கக்கூடியது; அதைத் தாங்கியாக உபயோகிக்கலாகாது.

பிரித்தலும் பரிசோதித்தலும்

பானெட்டு, டீசல் குழாய்கள், மின்கம்பிகள், ஸ்டீரிங் இணைப்பு, ஆக்ஸிலரேட்டர் கம்பி, எண்ணெய்க் குழாய்கள் ஆகியவற்றைக் கழற்றி, குழாய்களின் வாயைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியாயின் முன் அச்சுக்குச் செல்லும் தண்டையும் எடுத்துவிட வேண்டும். பிறகு கூடுகளை இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, முன்பாதியை நேராக, மெல்ல முன்னுக்கு உருட்ட வேண்டும். இடையில் எங்கேனும் இழுபட்டால், கழற்றாத கம்பியோ குழாயோ உண்டென்று அறிந்து நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் கூட்டில் படிந்த தூளைக் காற்றடித்துப் பறக்கவிடலாகாது. பழைய தகடுகளின் உராய்வுப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அத்தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு செய்யும். முகத்தில் தகுந்த கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கம் கழற்றினால் வில்லின் அழுத்தம் தட்டை வளைத்துவிடும். இரட்டைக் கிளட்சின் உட்பகுதியைப் பிரிப்பது தனிக் கருவி வேண்டிய பட்டறை வேலையாகும்.

தகடு ரிவெட்டுத் தலை வரை தேய்ந்திருந்தாலும், எண்ணெய் ஊறியிருந்தாலும் அதை மாற்றியே தீரவேண்டும். ஊறிய எண்ணெய் கழுவினாலும் முழுதும் நீங்காது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிவது அதனினும் முக்கியம். என்ஜினின் பின் சீல், கியர் பெட்டித் தண்டின் சீல் ஆகிய இரண்டில் ஒன்று ஒழுகுமாயின், அதை மாற்றாமல் போடும் புதுத்தகடு விரைவிலேயே பாழாகும். பிளைவீலின் முகத்தில் வெடிப்போ, சூட்டினால் நீலம் பாய்ந்த திட்டுக்களோ, ஆழ்ந்த கீறலோ இருப்பின், அதைக் கடைசலுக்கு அனுப்பலாமா, மாற்ற வேண்டுமா என்று பட்டறையில் காட்டிக் கேட்க வேண்டும். ரிலீஸ் பேரிங்கையும், பிளைவீலின் நடுவிலுள்ள சிறு பேரிங்கையும் இப்போதே மாற்றிவிடுவது லாபகரமானது. அவற்றின் விலையைக் காட்டிலும் வண்டியை மறுமுறை பிரிக்கும் சிரமம் மிகுதி.

பூட்டுதல்

எண்ணெய்க் கையால் தகட்டின் முகத்தைத் தொடலாகாது. தகட்டில் எந்தப் பக்கம் பிளைவீலை நோக்க வேண்டும் என்று குறித்திருந்தால் அதன்படியே வைக்க வேண்டும். குறிப்பு இல்லையெனில், பழைய தகடு இருந்த விதத்தைக் கழற்றும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தகட்டின் துளை பேரிங்கின் துளையோடு நேராக அமையும்படி, நடுப்படுத்தும் தண்டைச் செருகி வைத்து, போல்ட்டுகளைக் குறுக்காகச் சிறிது சிறிதாக முடுக்கி, கைப்புத்தகம் கூறும் அளவுக்கு அளவு ஸ்பானரால் இறுக்க வேண்டும். தண்டின் பற்களில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவினால் போதும். மிகுந்தால் அது தகட்டின்மேல் தெறிக்கும்.

முன்பாதியை மீண்டும் உருட்டிச் சேர்க்கும்போது இரு கூடுகளும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். பற்கள் பொருந்தாவிடில் என்ஜினைக் கையால் சிறிது திருப்பிப் பார்க்க வேண்டும். கூடுகள் தாமாகவே வந்து ஒட்டும் முன் போல்ட்டை முடுக்கி இழுத்தால், புதுத்தகட்டின் நடுப்பகுதி வளைந்து, செய்த வேலை முழுதும் வீணாகும். பெரும்பாலும் பொறுமையிழந்து கெடுவது இந்த இடத்திலேதான். எல்லாம் இணைந்து, கூட்டுப் போல்ட்டுகள் முழுதும் இறுகிய பின்னரே தாங்கிகளையும், அவற்றின்பின் ஆப்புகளையும் எடுக்க வேண்டும். முடிவில் வெற்றசைவைச் சரிசெய்து, சில நாட்களுக்குப் பளு குறைந்த வேலையே கொடுத்துப் பழக்குதல் நலம்.

நீடித்து உழைக்க

கிளட்ச் பெரும்பாலும் கெடுவது ஓட்டுபவரின் காலினால்தான். பெடலின்மேல் எப்போதும் காலை வைத்திருப்பதும், சேற்றிற் புதைந்த வண்டியைப் பாதிக் கிளட்சில் உறுமவிட்டு ஏற்றுவதும், அளவுக்கு மீறிய பாரத்தை டிரெய்லரில் இழுப்பதும் தகட்டைக் கருக்கிவிடும். பல டிராக்டர்களில் கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு வடிதுளை உண்டு. சேற்றுழவின்போது அதை அடைத்தும், உழவு முடிந்தபின் திறந்து ஈரத்தை வடித்தும் வர வேண்டும்.

கனரக லாரியைப் பொறுத்தவரை, அதன் கியர் பெட்டி 200 கிலோவுக்கு மேலும் எடையுள்ளதாகையால், அதற்குரிய ஜாக்கி இல்லாமல் கயிறும் மூங்கிலும் கொண்டு இறக்க முயலுதல் கூடாது. டிராக்டரிலும் தாங்கியோ, ஆப்போ, பழக்கமுள்ள ஆளோ கிடைக்காவிடில் பட்டறைக்கு அனுப்புவதே விவேகம். ஒரு கிராமத்தில் பல டிராக்டர்கள் இருப்பின், தாங்கிகள், உருளை ஜாக்கி, அளவு ஸ்பானர் ஆகியவற்றைக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் பொதுவாக வாங்கி வைக்கக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது வீண். அவை இல்லாமல் வேலையில் இறங்குவதோ பேராபத்து. கோடையில் வண்டி சும்மா நிற்கும் காலத்திலேயே கிளட்சைச் சோதித்து, வேண்டியிருப்பின் மாற்றிவிட்டால், தண்ணீர் வந்த அன்றே ஏர் இறங்கும்.