வரன் பார்த்த அமெரிக்க டாக்டரம்மா

1893 மே மாதம் சோல் நகரில் ஒரு கல்யாணம். பெண்ணுக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளை எட்டொன்பது வயது மூத்தவர். வரன் பார்த்து, பேசி, முடித்து வைத்தவர் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி மருத்துவர் ரோஸெட்டா ஷெர்வுட் ஹால். அவருக்கே கல்யாணமாகி அப்போது ஓராண்டு நிறையவில்லை. அதுவும் காதல் கல்யாணம்.

தான் விரும்பியவரை மணந்த ஒரு பெண், இன்னொரு பெண்ணுக்கு ஏன் பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணத்தைச் செய்து வைத்தார்? கொரியாவுக்குப் போன மிஷனரிகளின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி நல்ல வாசல்.

அவர்கள் போன நாட்டில் மதப் பிரசாரத்துக்கு அனுமதி கிடையாது. 1884இல் வந்த ஹொரேஸ் ஆலன், அமெரிக்கத் தூதரகத்தின் வைத்தியர் என்ற பெயரில்தான் உள்ளே நுழைந்தார். அந்த டிசம்பரில் நடந்த அரண்மனைக் கலவரத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்த ராணியின் உறவினர் மின் யோங்இக்கை ஆலன் பிழைக்க வைத்தார். அதன் பலனாக 1885இல் அரசு மருத்துவமனை ஒன்று அவர் பொறுப்பில் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, ஹொரேஸ் அண்டர்வுட்டும் ஹென்றி அப்பென்ஸெல்லரும் ஜெமுல்போ துறைமுகத்தில் இறங்கினார்கள். இன்றைய இஞ்சியோன்தான் அது. மருந்தும் பள்ளிக்கூடமும் முன்னே போக, வேதம் பின்னால் போனது.

பள்ளிக்கூடமும் எளிதில் நடக்கவில்லை. 1886இல் பெண்களுக்கென்று இஹ்வா பள்ளியைத் தொடங்கிய மேரி ஸ்க்ரான்டனுக்குக் கிடைத்த முதல் மாணவி, ஓர் அதிகாரியின் ஆசைநாயகி. ஆங்கிலம் படித்து ராணிக்கு மொழிபெயர்ப்பாளராகும் எண்ணம் அவளுக்கு. சில மாதங்களில் நின்றுவிட்டாள். அடுத்து வந்தது ஓர் ஏழைச் சிறுமி. வெள்ளைக்காரி பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்விடுவாள் என்று தாயை அக்கம்பக்கத்தார் பயமுறுத்தினார்கள். நாட்டை விட்டு வெளியே கூட்டிப்போக மாட்டேன் என்று ஸ்க்ரான்டன் எழுதிக் கொடுத்த பிறகே அந்தச் சிறுமி தங்கினாள். 1888இல் நிலைமை இன்னும் மோசம். வெளிநாட்டார் குழந்தைகளைப் பிடித்துப்போய்க் கண்ணைத் தோண்டி மருந்து செய்கிறார்கள் என்ற வதந்தி பரவி, சோல் தெருக்களில் கலவரமே மூண்டது.

இப்படிச் சந்தேகப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வருவதென்றால், அது சாதாரண மரியாதை இல்லை. இவர்களை நம்பலாம் என்று தெரு முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம். ஆண் மிஷனரி போனால் வெளி முற்றத்தோடு சரி. பெண் மிஷனரிக்கோ உள்கட்டு வரை வழி திறந்தது. பகலில் பெண்கள் வெளியே தலைகாட்டாத நகரம் அது. இரவில் பெரிய மணி ஒலித்து ஆண்கள் வீட்டுக்குள் போன பிறகுதான் பெண்கள் தெருவில் நடமாடுவார்கள். அப்படிப்பட்ட ஊரின் உள்கட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து உட்கார்ந்தால், பாதிக் கூட்டம் மணப்பெண்ணை விட்டுவிட்டு அவளைத்தான் பார்க்கும். உடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். வயது என்ன, குழந்தை எத்தனை என்று கேட்பார்கள். கல்யாணமாகாதவள் என்றால் பரிதாபப்படுவார்கள். பரிதாபம் இரண்டு பக்கமும் இருந்தது. எழுதி வைத்தவர்கள் ஒரு பக்கத்தார் மட்டுமே.

அவர்கள் பார்த்த கல்யாணம் எப்படிப்பட்டது? கொரியத் தொடர்களைப் பார்ப்பவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். தரகர் மூலம் வரன் வரும். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்கையும் வைத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். கல்யாணம் பெண் வீட்டு முற்றத்தில் நடக்கும். குதிரையில் வந்து இறங்கும் மாப்பிள்ளைக்கு அன்று ஒருநாள் அரசவை அதிகாரியின் அங்கியும் தொப்பியும் அணியும் உரிமை உண்டு. குடியானவன் மகனும் அன்றைக்கு அதிகாரிதான். அவன் கையில் மரத்தால் செய்த வாத்து ஒன்று. காட்டுவாத்து ஒரே துணையோடு வாழும் என்பது நம்பிக்கை. அதைப் பெண்ணின் தாயிடம் கொடுப்பதில்தான் சடங்கு தொடங்கும். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் பைன் கிளை, மூங்கில், மெழுகுவத்தி, கஷ்கொட்டை, இலந்தை. துணியில் சுற்றிக் கட்டிய சேவலும் கோழியும்கூட. மேசைக்கு இருபுறமும் நின்று பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் விழுந்து வணங்குவார்கள். பெண் இருமுறை, மாப்பிள்ளை ஒருமுறை. மறுபடியும் அதே கணக்கு. பிறகு இரண்டாகப் பிளந்த ஒரே சுரைக்குடுவையின் ஆளுக்கொரு பாதியில் மது அருந்துவார்கள். கல்யாணம் முடிந்தது.

முகத்தில் வெள்ளை மாவு, நெற்றியிலும் கன்னங்களிலும் சிவப்புப் பொட்டு. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, கண் திறக்காமல், வாய் பேசாமல், சிரிக்காமல் மணப்பெண் நிற்பாள். கண்ணிமைகளைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள் என்றும் அக்காலப் பயணிகள் சிலர் எழுதியிருக்கிறார்கள். சுற்றிலும் இருப்பவர்கள் அவளைச் சிரிக்க வைக்கப் படாதபாடு படுவார்கள். சிரித்துவிட்டால் முதல் குழந்தை பெண் என்று பேச்சு. பிறகு நூடுல்ஸ் விருந்து. நீண்ட இழை, நீண்ட ஆயுள். இன்றும் ஒருவருக்கு எப்போது கல்யாணம் என்று கேட்க, ‘எப்போது நூடுல்ஸ் போடப் போகிறாய்?’ என்றுதான் கொரியர்கள் கேட்கிறார்கள். இரவில் மணமக்களின் அறைக் காகிதக் கதவில் விரலால் ஓட்டை போட்டு உறவுக்காரப் பெண்கள் எட்டிப் பார்ப்பதும் வழக்கம்தான்.

மிஷனரிகளுக்கு இங்கே இரண்டு சங்கடங்கள். ஒன்று மது. மதுவிலக்கைப் பிரசங்கம் செய்கிறவர், சுரைக்குடுவையில் மது ஊற்றும் வீட்டில் எப்படி உட்காருவது? இன்னொன்று, புதுத் தம்பதி மூதாதையர் பீடத்தில் வணங்கும் சடங்கு. அதைச் சபை ஏற்கவில்லை. மற்றபடி அழைத்த வீட்டுக்குப் போனார்கள், சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள், சூடு பரவும் தரையில் கால் மரத்துப்போகும் வரை இருந்தார்கள், வந்து கடிதம் எழுதினார்கள்.

அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அவை அமெரிக்காவில் காணிக்கை போடும் பெண்களுக்காக எழுதப்பட்டவை. மெதடிஸ்ட் பெண்கள் நடத்திய பத்திரிகையின் பெயரே ‘ஹீதன் உமன்ஸ் ஃப்ரெண்ட்’, அதாவது அஞ்ஞானப் பெண்களின் தோழி. 1896இல்தான் அந்த ‘ஹீதன்’ கழன்றது. மணப்பெண் எவ்வளவு பாவமாகத் தெரிகிறாளோ அவ்வளவு காணிக்கை சேரும். அதற்காக அவர்கள் எழுதியது பொய் என்று சொல்ல வரவில்லை. பன்னிரண்டு வயதுக் கல்யாணங்கள் நடக்கத்தான் செய்தன. 1894ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் ஆணுக்கு இருபது, பெண்ணுக்குப் பதினாறு வயது ஆகாமல் மணம் கூடாது என்று கொரிய அரசே சட்டம் போட்டது. விதவை மறுமணத்தையும் அனுமதித்தது. ஆனால் முற்றத்துச் சிரிப்பும் கேலியும் கடிதங்களில் குறைவாகவே இடம்பெற்றன என்பது என் கணிப்பு.

மிஷனரிகளின் கல்யாணத்தைக் கொரியர்களும் வேடிக்கை பார்த்தார்கள். 1889 மார்ச்சில் ராணி மின்னின் மருத்துவரான லில்லியஸ் ஹார்ட்டன், அண்டர்வுட்டை மணந்தார். ராணியின் பரிசு பத்து லட்சம் செப்புக்காசு. மலைத்துவிட வேண்டாம். சில ஆண்டுகள் கழித்து அங்கே சுற்றிய இசபெல்லா பேர்ட், டாலருக்கு 3,200 காசு என்றும், நூறு ஜப்பானிய யென்னைக் காசாகத் தூக்க ஆறு ஆளோ ஒரு மட்டக்குதிரையோ வேண்டும் என்றும் எழுதினார். பரிசு கனமானதுதான், எடையில்! புதுத் தம்பதி தேனிலவுக்கு வடக்கே கிளம்பி, பல்லக்கும் குதிரையுமாக யாலு நதி வரை போனார்கள். கொரிய மண்ணில் ஞானஸ்நானம் கொடுக்கத் தடை இருந்ததால், நதியைக் கடந்து சீனக் கரையில் 33 கொரியர்களுக்கு அண்டர்வுட் ஞானஸ்நானம் கொடுத்தார். தேனிலவிலும் வேலை.

இனி அந்த 1893 கல்யாணம். பெண்ணின் பெயர் கிம் ஜோம்தோங். அப்பா அப்பென்ஸெல்லரிடம் வேலை பார்த்தவர். அந்தத் தொடர்பில் இஹ்வாவில் சேர்ந்து, ஆங்கிலம் கற்று, ஞானஸ்நானத்தில் எஸ்தர் ஆனாள். 1890இல் ரோஸெட்டா சோலின் பெண்கள் மருத்துவமனைக்கு வந்தபோது அவருக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றாள். அறுவை சிகிச்சை என்றாலே முதலில் முகம் சுளித்தவள், பிளவுண்ட உதட்டை ரோஸெட்டா தைத்துச் சரிசெய்ததைப் பார்த்துத் தானும் டாக்டராக வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

பதினாறு வயது ஆகிவிட்டது. ஊர் பேசத் தொடங்கியது, அம்மாவுக்குத் தூக்கம் போனது. தனக்கு ஆண்களைப் பிடிக்காது, தையலும் வராது, ஆனாலும் ஊர் வழக்கப்படி மணந்துதானே ஆகவேண்டும் என்று எஸ்தர் ரோஸெட்டாவுக்கு எழுதினாள். கிறிஸ்தவரல்லாத வீட்டில் கொடுத்தால் படிப்பு அத்தோடு போகும். ஆகவே ரோஸெட்டா தரகரானார். தன் கணவர் வில்லியம் ஹாலிடம் உதவியாளராக இருந்த பாக் யூசானைத் தேர்ந்தெடுத்தார். கொரியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்வார்கள். எஸ்தரோ மேற்கத்திய முறைப்படி கணவரின் பெயரை ஏற்று பாக் எஸ்தர் ஆனாள். பழக்கத்தை உடைக்க வந்தவர்கள் ஒரு பழக்கத்துக்குப் பணிந்து, தங்கள் பழக்கம் ஒன்றைச் சேர்த்துவிட்டும் போனார்கள்.

1894 நவம்பரில், போரில் சிக்கிய பியோங்யாங்கில் நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய வில்லியம் ஹால் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். கைக்குழந்தையோடும் வயிற்றில் ஒரு பிள்ளையோடும் அமெரிக்கா திரும்பிய ரோஸெட்டா, எஸ்தரையும் யூசானையும் உடன் அழைத்துப் போனார். 1896இல் எஸ்தர் பால்டிமோர் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். யூசான் பண்ணையில் கூலி வேலை செய்தும், பிறகு உணவகத்தில் உழைத்தும் மனைவியைப் படிக்க வைத்தார். மனைவி வீட்டைவிட்டு வெளியே வராத நாட்டில் பிறந்தவர் அவர். 1900 ஏப்ரலில், மனைவி பட்டம் வாங்கச் சில வாரங்களே இருக்கும்போது, காசநோயில் இறந்தார். பால்டிமோரிலேயே அடக்கம். இந்தக் கதையில் யாருக்காவது சிலை வைக்க வேண்டுமென்றால் நான் யூசானுக்கு வைப்பேன்.

மேற்கத்திய மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கொரியப் பெண்ணாக எஸ்தர் அதே ஆண்டு நாடு திரும்பினார். அதே 1900இல்தான் ஐடா ஸ்கடர் பட்டத்தோடு வேலூர் வந்து சேர்ந்தார். ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்த பெண்கள் அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரிதான் செத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாண்டுகள் ஓயாமல் உழைத்த எஸ்தரையும் 1910இல் காசநோய் கொண்டுபோனது.

அவரை அத்தையாகப் பார்த்து வளர்ந்த ரோஸெட்டாவின் மகன் ஷெர்வுட் ஹால், அந்த நோயோடு போராடவே டாக்டரானார். 1928இல் ஹேஜுவில் காசநோய் மருத்துவமனை தொடங்கினார். அதற்கு நிதி திரட்ட 1932இல் கொரியாவின் முதல் கிறிஸ்துமஸ் முத்திரைகளை வெளியிட்டார். அப்போது கொரியாவை ஆண்ட ஜப்பானிய அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியதும், வந்து சேர்ந்தது இந்தியாவுக்கு. ராஜஸ்தானில் அஜ்மீருக்குப் பக்கத்தில் மதார் காசநோய் மருத்துவமனையில் 1963 வரை வேலை பார்த்தார்.

ரோஸெட்டா, வில்லியம், ஷெர்வுட் மூவரின் கல்லறைகளும் சோலில் ஹான் நதிக்கரையில் யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கின்றன. தொடர்களில் பார்த்த இடங்களைத் தேடி சோல் போகிறவர்கள் இங்கேயும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஹாப்ஜோங் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பார்வையாளர்களுக்கு அன்று அனுமதி இல்லை.