ஆட்டமில்லாத மாதங்களில் ஒரு சிறு கால்பந்துக் கழகம்

இங்கிலாந்தில் கால்பந்துப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தோடு முடிகிறது. அதன்பின் வரும் கோடை மாதங்கள், பிரீமியர் லீக்கைச் சேர்ந்த பெருங்கழகம் ஒன்றுக்கு, வீரர்களை வாங்கி விற்கும் காலமாகவே கழிகின்றன. தொலைக்காட்சி உரிமைத்தொகையும் விளம்பர வருவாயும் ஒப்பந்தப்படி வந்து சேர்வதால், ஆட்டமின்மை அதன் கருவூலத்தைப் பெரிதாகத் தாக்குவதில்லை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பந்தாட வரும் வீரர்களைக் கொண்ட சிறு கழகத்தின் நிலை வேறு. வாயிலில் விற்கும் நுழைவுச்சீட்டும், திடலை ஒட்டிய கூடத்தில் விற்கும் பீரும் தேநீருமே அதன் வருவாயில் பெரும்பங்கு என்பதால், கடைசி ஆட்டம் முடிந்த மாலையிலேயே வரவு நின்றுவிடுகிறது. காப்பீடு, குடிநீர், மின்சாரம், வாடகை ஆகியவற்றுக்கான செலவு மட்டும் நிற்பதில்லை. அத்தகைய கழகம் அடுத்த ஆகஸ்டைச் சென்று சேருமா என்பது, அதன் மேலாளரின் திறமையைவிட, பந்தே உருளாத மாதங்களிலும் அதை விட்டு விலகாத சில நூறு ஆதரவாளர்களைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது.

இங்கிலாந்தின் ஆண்கள் கால்பந்து அடுக்கடுக்காக அமைக்கப்பட்டது. உச்சியில் 20 கழகங்கள் கொண்ட பிரீமியர் லீக், அதற்கடுத்து ஒவ்வொன்றிலும் 24 கழகங்கள் கொண்ட மூன்று பிரிவுகள் என, 92 கழகங்களே நாடறிந்த தொழில்முறைக் கால்பந்தாக விளங்குகின்றன. அதற்குக் கீழே இருப்பவை அனைத்தும் ‘நான்-லீக்’ என்ற பொதுப்பெயரால் சுட்டப்படுகின்றன; ஆனால் அங்கும் லீக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஐந்தாம் அடுக்கில் நேஷனல் லீக்கும், ஆறாம் அடுக்கில் அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகளும், ஏழாம் எட்டாம் அடுக்குகளில் நார்தர்ன் பிரீமியர், சதர்ன், இஸ்த்மியன் ஆகிய மூன்று லீக்குகளும், அவற்றின் கீழ் வட்டார லீக்குகள் பலவும் உள்ளன. ஐந்தாம் அடுக்கில் வெற்றிபெற்ற கழகம் தானாகவே நான்காம் அடுக்குக்கு ஏறும் முறை 1986–87 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முன்பு, மேலே இருந்த கழகங்கள் வாக்களித்து இடம் கொடுத்தால்தான் உண்டு. ஆறாம் அடுக்கு முதல் கீழ்நோக்கிப் பகுதிநேர ஆட்டமே பெருவழக்கு. வீரர் வாரத்தில் இரண்டு மாலைகள் பயிற்சிக்கு வருகிறார், சனிக்கிழமை ஆடுகிறார், வாரச் சம்பளமாகச் சிறு தொகை பெறுகிறார். மற்ற நேரங்களில் அவர் ஆசிரியராகவோ, கொத்தனாராகவோ, சரக்கு வண்டி ஓட்டுநராகவோ இருக்கிறார்.

இந்த அமைப்பில் மே மாதம் வந்தவுடன் அணி என்பதே ஏறத்தாழக் கலைந்துவிடுகிறது. பகுதிநேர வீரர்களில் சிலர் மட்டுமே எழுத்துமூல ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஏனையோர் ஒப்பந்தமின்றிப் பதிவு மட்டும் செய்துகொண்டு ஆடுபவர்கள். இவர்களைப் பருவத்தின் நடுவிலேயே வேறொரு கழகம் அணுக விரும்பினால், தற்போதைய கழகத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். பருவம் முடிந்துவிட்டால் அந்தத் தடையும் இல்லை. யார் யார் தங்குகிறார்கள், யார் யார் விடுவிக்கப்படுகிறார்கள் என்ற பட்டியலைக் கழகம் வெளியிடுகிறது. ஓராண்டு முழுவதும் மழையிலும் குளிரிலும் கத்திக் கத்தி ஊக்கப்படுத்திய முன்கள வீரர் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போட்டிக் கழகத்துக்கு, வாரத்துக்குச் சில பவுண்டுகள் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகப் போய்விட்டதை ஆதரவாளர்கள் அந்தப் பட்டியலில்தான் அறிகிறார்கள். மேலாளர் மாறினால் அவருக்குப் பழக்கமான வீரர்களும் கூட்டமாகப் பின்செல்வது வழக்கம். குடும்பமும் வேலையும் உள்ள ஒருவரிடம் விசுவாசம் குறித்துப் பேசுவது நியாயமன்று என்று பெரும்பாலான ஆதரவாளர்கள் புரிந்துவைத்திருந்தாலும், சிலர் புரிந்துகொள்வதற்கு ஜூலை வரை ஆகிறது.

ஆக, கோடையில் கழகம் என்று மிஞ்சுவது ஒரு பெயர், ஒரு சட்டை வண்ணம், ஒரு திடல், அவற்றோடு தம்மைச் சேர்த்துக் கருதும் மனிதர்கள் ஆகியவைதாம். எந்த லீக்கில் ஆடப்போகிறது என்பதுகூடச் சில கழகங்களுக்குத் தெரியாது. ஏற்றமும் இறக்கமும் முடிந்தபின், நாட்டின் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வின் குழு மே மாதத்தில் வரைபடத்தை முன்வைத்துக் கழகங்களை வட்டாரவாரியாகப் பிரிக்கிறது. எல்லையோரத்தில், குறிப்பாக நாட்டின் நடுப்பகுதியில் உள்ள கழகம், ஓராண்டு வடக்கு நோக்கியும் மறு ஆண்டு தெற்கு நோக்கியும் தள்ளப்படலாம். பயணச் செலவு வீரர் சம்பளத்துக்கு அடுத்த பெருஞ்செலவாகிவிடக்கூடிய நிலையில், செவ்வாய்க்கிழமை இரவு 200 கிலோமீட்டர் சென்று ஆடிவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டிய வீரரை ஒப்பந்தம் செய்வதும் கடினமாகிறது. அதனால்தான் இந்தப் பிரிப்பை ஆதரவாளர்கள் தேர்தல் முடிவுக்குக் காத்திருப்போரின் ஆர்வத்துடன் எதிர்நோக்குகிறார்கள்.

கோடை ஆதரவின் முதல் வடிவம் பணம். அடுத்த பருவத்தின் உள்ளூர் ஆட்டங்கள் அனைத்தையும் காண உதவும் சீசன் டிக்கெட் மே, ஜூன் மாதங்களிலேயே குறைந்த விலையில் விற்பனைக்கு வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது தள்ளுபடி. உள்ளபடி பார்த்தால், ஆதரவாளர் தம் கழகத்துக்கு வட்டியின்றி வழங்கும் கடன். பெருங்கழகத்தின் சீசன் டிக்கெட்டுக்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருப்போர் உண்டு. இங்கோ வாயிலில் எப்போதும் இடம் கிடைக்கும் என்று தெரிந்தே முன்கூட்டிப் பணம் செலுத்துகிறார்கள். திரட்டிய தொகையில் பாதியைப் பரிசாகக் கொடுத்து மறுபாதியைக் கழகம் வைத்துக்கொள்ளும் குலுக்கல், ஒரு வீரரின் சட்டைக்கோ காலணிக்கோ பெயர் போட்டுக்கொண்டு செலுத்தும் ஆதரவுத்தொகை, கூடத்தைத் திருமணத்துக்கும் பிறந்தநாள் விழாவுக்கும் வாடகைக்கு எடுத்தல் ஆகியவையும் இக்காலத்தின் சிறு வரவுகள்.

பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது உழைப்பு. ஒன்பது மாதங்கள் மிதிபட்ட புல்தரை மே மாதத்தில் பார்ப்பதற்கே பரிதாபமாக இருக்கும். இரு கோல் முகப்புகளிலும் துணை நடுவர் ஓடும் எல்லைக்கோட்டு ஓரங்களிலும் புல்லே இராது, மண் இறுகிக் கிடக்கும். முதலில், அடியில் படிந்த காய்ந்த புல்லையும் மட்கிய படலத்தையும் இயந்திரத்தால் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு காற்றும் நீரும் வேருக்கு இறங்கும்படி மண்ணில் நெருக்கமாகத் துளையிடுகிறார்கள். அதன்மேல் டன் கணக்கில் மணலைப் பரப்பி மேடுபள்ளத்தை நிரவி, ரைகிராஸ் என்னும் பல்லாண்டுப் புல்லின் விதையைத் தூவுகிறார்கள். இந்தப் புல் ஈரமும் வெப்பமும் வாய்த்தால் ஒன்றிரண்டு வாரங்களில் முளைத்துவிடும், ஆனால் ஆட்டத்தைத் தாங்கும் வேர் பிடிக்கப் பல வாரங்கள் வேண்டும். ஜூலையிலேயே பயிற்சி ஆட்டங்கள் தொடங்கிவிடுவதால், கிடைக்கும் கால அளவு மிகக் குறுகியது. பெருங்கழகம் மேற்பரப்பையே உரித்தெடுத்துப் புதிதாக அமைத்துக்கொள்கிறது. சிறு கழகத்திலோ, பணி ஓய்வுபெற்ற ஒருவர் நீர்க்குழாயை அரை மணிக்கொருமுறை இடம் மாற்றிவைத்தபடி, மழை வராதா என்று வானத்தைப் பார்க்கிறார். அதே மழை நவம்பரில் வந்தால் ஆட்டம் ரத்தாகும் என்பதையும் அவர் அறிவார்.

இந்தச் சுமையிலிருந்து விடுபட, பல கழகங்கள் செயற்கைப் புல்தரைக்கு மாறிவிட்டன. நாள் முழுவதும் பள்ளிகளுக்கும் இளையோர் அணிகளுக்கும் வாடகைக்கு விடலாம் என்பதால், கோடையிலும் வரவு தரும் அந்தத் தரை சிறு கழகத்தின் கணக்கையே மாற்றவல்லது. ஆனால் முதல் நான்கு அடுக்குகளில் செயற்கைத் தரைக்கு இடமில்லை. எனவே 2021-இல் சட்டன் யுனைடெட்டும் 2024-இல் பிராம்லியும் முதன்முறையாக நான்காம் அடுக்குக்கு ஏறியபோது, நன்றாக வருவாய் ஈட்டிக்கொண்டிருந்த செயற்கைத் தரையைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல்லை அமைக்கவேண்டியதாயிற்று. வெற்றிக்குக் கொடுக்கும் விலை எப்போதும் கோடையில்தான் வசூலிக்கப்படுகிறது.

தரைக்கு வெளியிலும் வேலை உண்டு. ஒவ்வொரு அடுக்குக்கும் எத்தனை இருக்கைகள், எவ்வளவு கூரை, விளக்கொளியின் அளவு, உடைமாற்றும் அறையின் பரப்பு என்று எஃப்.ஏ. தர விதிகள் வகுத்துள்ளது. திடல் அவற்றை நிறைவு செய்யாவிட்டால், களத்தில் வென்ற கழகத்துக்கும் ஏற்றம் மறுக்கப்படலாம். 2000-இல் தொடங்கப்பட்ட ஃபுட்பால் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் மானியம் அளிக்கின்றன என்றாலும், செலவில் ஒரு பங்கைக் கழகமே திரட்டவேண்டும். ஆகவே சனிக்கிழமைக் காலைகளில் ஆதரவாளர்கள் வண்ணக் குழம்பும் தூரிகையும் எடுத்துக்கொண்டு கூடுகிறார்கள். ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்குப் பிறகே பொழுது சாய்வதால் வார நாள் மாலைகளும் பயன்படுகின்றன. மின்பணியாளரும் தச்சரும் குழாய்ப் பணியாளரும் தம் தொழிலையே நன்கொடையாகக் கொடுக்கும் இடம் இது. ஆனால் ஆட்டத்துக்கு முந்நூறு பேர் வரும் கழகத்தில் இந்த வேலைக்கு வருவோர் பன்னிரண்டு பேர்தாம் என்பதும், ஆண்டுதோறும் அதே பன்னிரண்டு பேர்தாம் என்பதும், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதும் பல கழகங்களில் காணும் நிலையாகும்.

கோடையில் ஆதரவாளர்களிடம் மிஞ்சும் கழகம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு 2002-ஆம் ஆண்டு ஒரு சான்று. நெடுங்காலம் நான்-லீக்கில் ஆடி, 1977-இல் தேர்தல் மூலம் மேலேறி, 1988-இல் எஃப்.ஏ. கோப்பையையே வென்ற லண்டனின் விம்பிள்டன் கழகத்தை, அதன் உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸ் என்ற வேறு நகருக்குக் கொண்டுசெல்ல, 2002 மே 28 அன்று எஃப்.ஏ. நியமித்த ஆணையம் அனுமதி அளித்தது. ஆதரவாளர்கள் வழக்குத் தொடுப்பதில் காலத்தைக் கடத்தவில்லை, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தொடங்கி, ஜூன் 29 அன்று விம்பிள்டன் பொதுவெளியில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக்காட்டலாம் என்று அழைத்து அணியைத் திரட்டினார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டுக்கு எதிராக நடந்த முதல் பயிற்சி ஆட்டத்தில் அந்த அணி 0–4 என்று தோற்றது. அதைக் காண 4,657 பேர் வந்திருந்தனர். தீர்ப்புக்கும் ஆட்டத்துக்கும் இடையே ஆறே வாரங்கள். கம்பைண்டு கவுன்ட்டீஸ் என்ற வட்டார லீக்கில் தொடங்கிய அக்கழகம் ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை ஏற்றம் பெற்று, 2011-இல் நான்காம் அடுக்கை அடைந்தது.

ஸ்கார்பரோவின் கதைக்கு இத்தகைய வெற்றி முடிவு இல்லை, ஆயினும் அதுவே கூடுதலாக நினைக்கத்தக்கது. 1987-இல் தானியங்கி ஏற்றம் பெற்ற முதல் கழகமான அது, பிறகு கடனில் மூழ்கி, 2007 ஜூனில் கலைக்கப்பட்டது. அதே கோடையில் ஆதரவாளர்கள் ஸ்கார்பரோ அத்லெட்டிக் என்ற கழகத்தை அமைத்தார்கள். சொந்த ஊரில் திடல் இல்லாததால், கடற்கரையில் சற்றுத் தெற்கேயுள்ள பிரிட்லிங்டனில், 2017 வரை பத்தாண்டுகள் ‘உள்ளூர்’ ஆட்டங்களை ஆடவேண்டியிருந்தது. பத்துக் கோடைகளிலும் அடுத்த ஆண்டுக்கும் வெளியூருக்கே போகவேண்டும் என்று தெரிந்து சந்தா செலுத்தியவர்களை விளக்கக் கோப்பைகளின் கணக்கு பயன்படாது.

இத்தகைய கழகங்களில் ஆதரவாளர்களே உரிமையாளர்கள். எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது பொது விதி. ஆதரவாளர் அறக்கட்டளை என்ற வடிவம் 1992-இல் நார்த்தாம்ப்டன் டவுனில் முதலில் உருவானது. 2010-இல் இந்த முறைக்கு மாறிய சசெக்ஸ் மாவட்டத்தின் லூயிஸ் கழகம், 2017-இல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சமமான நிதி ஒதுக்குவதாக அறிவித்தது. இருப்பினும் ஆதரவாளர் உரிமை சண்டையை ஒழிப்பதில்லை. திரட்டிய பணம் கூரைக்கா, புதிய முன்கள வீரருக்கா என்ற கேள்வி ஒவ்வொரு ஜூனிலும் எழுகிறது. வீரருக்கே என்று சொல்வோர் பெரும்பாலும் உரக்கப் பேசுவோர், கூரைக்கே என்று சொல்வோர் பெரும்பாலும் சரியானவர்கள். தனி உரிமையாளர் ஒருவர் தம் பணத்தால் ஊதிப் பெருக்கிய சம்பளப் பட்டியல், அவர் சலித்து விலகிய கோடையில் கழகத்தையே இழுத்துச் சாய்த்த நிகழ்வுகள் நான்-லீக்கில் பழங்கதை.

இடைவெளி அளவுமீறி நீண்டால் என்னவாகும் என்பதைக் கொரோனாத் தொற்று காட்டியது. 2020 மார்ச்சில், ஏழாம் அடுக்கு முதல் கீழே நடந்துகொண்டிருந்த பருவத்தின் முடிவுகள் அனைத்தையும் அழித்துவிடுவதாக எஃப்.ஏ. அறிவித்தது, ஆடிய 27 ஆட்டங்களிலும் வென்றிருந்த ஜெர்சி புல்ஸ் கழகத்தின் சாதனைகூடக் கணக்கிலிருந்து நீங்கிற்று. செப்டம்பர் வரை நீண்ட அந்தக் கோடையில், பலரும் தாம் காண முடியாமற்போன ஆட்டங்களுக்கான சீசன் டிக்கெட் தொகையைத் திருப்பிக் கேட்கவில்லை.

சாதாரண ஆண்டுகளில் ஜூலை முதல் வாரங்களிலேயே இறுக்கம் தளர்கிறது. ஆட்ட அட்டவணை வெளியாகிறது. அருகிலுள்ள தொழில்முறைக் கழகம் தன் இளம் வீரர்களை அனுப்பிப் பயிற்சி ஆட்டம் ஆட, ஆண்டின் பெருங்கூட்டங்களில் ஒன்று வாயிலில் சேர்கிறது. இன்னும் ஒப்பந்தமாகாதவர்களின் பெயரை மற்றக் கழகங்கள் அறியக்கூடாது என்பதற்காக, அணிப்பட்டியலில் ‘சோதனை வீரர் அ’, ‘சோதனை வீரர் ஆ’ என்றே குறிப்பிடுகிறார்கள். தடுப்புக்கம்பியில் சாய்ந்து நிற்கும் கூட்டத்துக்கோ அவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், ஏன் விட்டுவந்தார்கள் என்பது முழுவதும் தெரிந்திருக்கும். ஆகஸ்டின் தொடக்கத்தில், பிரீமியர் லீக் தொடங்குமுன்பே, 1871–72 முதல் நடந்துவரும் எஃப்.ஏ. கோப்பையின் மிகத் தொடக்கநிலைச் சுற்று சிறு கழகங்களுக்கிடையே நடைபெறுகிறது. வென்றால் கிடைக்கும் ஆயிரம் பவுண்டு அளவிலான பரிசு பல கழகங்களுக்குக் கோடைக் கால நிலுவைகளில் ஒரு பகுதியைத் தீர்க்கப் போதும். தோற்ற கழகத்துக்கு, வெம்பிளியில் இறுதியாட்டம் நடக்க ஒன்பது மாதங்கள் இருக்கும்போதே அவ்வாண்டின் கோப்பை முடிந்துபோகிறது, அடுத்த செவ்வாய்க்கிழமை லீக் ஆட்டம் இருக்கிறது.