பள்ளிக்கூடம் 6,500 டாலருக்கு விற்ற கார்... 2023-ல் அதே மாடல் 430 கோடி ரூபாய்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விக்டோரியா என்றொரு ஊர். 1960-களின் நடுவில் அங்குள்ள உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு பழைய ரேஸ் கார் நன்கொடையாக வந்தது. மெக்கானிக் வகுப்பு மாணவர்கள் கழற்றி மாட்டிப் பழகட்டும் என்று கொடுக்கப்பட்ட கார் அது. 1972-ல் அதை 6,500 டாலருக்குப் பள்ளி விற்றுவிட்டது. வாங்கியவரோ ஒஹாயோ மாநிலத்தில் திறந்தவெளியில், ஒரு டிரெய்லர் மேல் பல வருடங்கள் மழையிலும் பனியிலும் அதை நிறுத்தி வைத்திருந்தார்.

அந்தக் கார், ஃபெராரி 250 ஜி.டி.ஓ. அதே மாடலில் இன்னொரு கார் 2023 நவம்பரில் நியூயார்க்கில் ஏலம் போனது. விலை 5 கோடியே 17 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 430 கோடி ரூபாய்!

`பழைய கார் வாங்கிப் போட்டால் கோடீஸ்வரர் ஆகிவிடலாம் போலிருக்கிறதே' என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள், கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஏறிய விலை இறங்கியதும் உண்டு

1962 முதல் 1964 வரை தயாரான இந்த மாடலில் மொத்தம் நாற்பது கார்கள்கூட இல்லை. புதிதாக வந்தபோது விலை சுமார் 18,000 டாலர். சில வருடங்களில் இதைவிட வேகமான ரேஸ் கார்கள் வந்துவிட, இது வெறும் பழைய வண்டியாகிப்போனது. அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனது.

1980-களில் காற்று திசை மாறியது. ஜப்பானில் பணம் புரண்ட காலம் அது. 1989 வாக்கில் ஒரு ஜி.டி.ஓ. 1 கோடியே 30 லட்சம் டாலரைத் தொட்டது. இனி இறங்கவே இறங்காது என்று நம்பி வாங்கினார்கள். பொருளாதாரக் குமிழி உடைந்தது. 1994-ல் இந்தக் காரின் விலை 30 லட்சம் டாலருக்கும் கீழே வந்துவிட்டது. கடன் வாங்கி கார் வாங்கியவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

100 மடங்கு... ஆனால்?

2023-ல் ஏலம் போன காரை அதன் உரிமையாளர் 1985-ல் சுமார் 5 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். 38 வருடங்களில் 100 மடங்கு லாபம்! கேட்கவே மலைப்பாக இருக்கிறது. கூட்டு வட்டியில் கணக்குப் போட்டால், வருடத்துக்கு ஏறக்குறைய 13 சதவிகிதம்.

நம் சென்செக்ஸ் 1990 ஜூலையில்தான் முதன்முதலாக 1,000 புள்ளிகளைத் தொட்டது. இந்த ஃபெராரி விலைபோன 2023 நவம்பரில் அது 65,000-ஐ ஒட்டி இருந்தது. வருடக் கணக்கில் பார்த்தால் இதுவும் சுமார் 13 சதவிகிதம்தான். டாலரும் ரூபாயும் வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் பங்குக்கு ஷெட் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம். காருக்கு இவை எல்லாமே வேண்டும். ஏல விலையில் ஏல நிறுவனத்தின் கமிஷனும் அடங்கியிருக்கிறது. இத்தனைக்கும் அந்தக் கார் 6 கோடி டாலரைத் தாண்டும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தாண்டவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாம் பேசுவது உச்சாணிக் கொம்பில் இருக்கும் ஒரு காரைப் பற்றி. அதே வருடங்களில் தயாரான லட்சக்கணக்கான சாதாரண கார்கள் காயலான் கடைக்குத்தான் போயின.

விலையைத் தீர்மானிப்பது எது?

வயது மட்டும் போதாது. எத்தனை கார்கள் தயாராயின, என்ஜினும் சேஸிஸும் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே ஜோடியா, யார் யார் கைமாறி வந்தது, அதற்கெல்லாம் காகிதம் இருக்கிறதா... இவைதான் விலையைச் சொல்லும்.

2015-ல் பாரீஸில் ஏலம் போன ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் நல்ல உதாரணம். பிரான்ஸில் ஒரு பழைய கொட்டகையில், பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் தூசி படிந்து கிடந்த கார் அது. துடைத்துப் பளபளப்பாக்காமல் அப்படியே ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒருகாலத்தில் நடிகர் அலென் டெலானிடம் இருந்த கார் என்பதும் சேர்ந்துகொள்ள, 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது.

உலகிலேயே அதிக விலைக்கு ஏலம் போன கார், 1955-ல் தயாரான மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே. 2022 மே மாதம் 13.5 கோடி யூரோ, அதாவது சுமார் 1,100 கோடி ரூபாய்! இந்த வகையில் இருப்பதே இரண்டு கார்கள். 1955-ல் லே மான்ஸ் பந்தய விபத்தில் 80-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த வருடத்தோடு மெர்சிடிஸ் பந்தயங்களிலிருந்து விலகியது. பந்தயத்துக்கென உருவான இந்தக் கார், ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. ஏலத்தில் கிடைத்த பணத்தை மாணவர்களின் கல்வி உதவித்தொகைக்கு ஒதுக்கியது மெர்சிடிஸ்.

நம் வீட்டில் பழைய கார் இருந்தால்?

இந்தியாவில் 50 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வாகனங்களை `வின்டேஜ்' ஆகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் `வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினசரி ஆபீஸ் போய்வர முடியாது.

தாத்தாவின் அம்பாசிடரோ ஃபியட்டோ ஷெட்டில் நின்றால், அவசரப்பட்டு புது பெயின்ட் அடிக்காதீர்கள். ஆர்.சி. புக், பழைய பில், அந்தக் காரோடு எடுத்த குடும்ப போட்டோ என எதையும் தூக்கிப் போடாதீர்கள். கோடிகள் கிடைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, அநேகமாகக் கிடைக்காது. ஆனால், காகிதம் தொலைந்துபோனால் அந்தக் காரின் கதையும் தொலைந்துவிடும். சேமிப்புக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கார் பிடித்திருந்தால் மட்டும் பழைய காரை வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்து பார்க்கிற சந்தோஷமாவது மிஞ்சும்!