வரைபடத்தில் சோழர், கையில் வெறும் புள்ளிகள்

கி.மு. 304. அலெக்சாண்டர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள். இத்தாலிக்குள் வளரும் ரோம், வாரிசுத் தளபதிகள் அடித்துக்கொள்ளும் கிழக்கு, அப்பால் மௌரியப் பேரரசு, தெற்கே சோழர், பாண்டியர். இத்தனையையும் ஒரே வரைபடத்தில் ஆளத் தந்தது ‘இம்பரேட்டர்: ரோம்’ என்ற கணினி விளையாட்டு. ஸ்டாக்ஹோமின் பாரடாக்ஸ் நிறுவனம் 2019 ஏப்ரல் 25 அன்று வெளியிட்டது. மலாக்கா சுல்தானகத்தையே ஆள விட்ட ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ இவர்களுடையதுதான் என்பதால் எதிர்பார்ப்பு எகிறியிருந்தது.

விமர்சகர்கள் ஓரளவு பாராட்டினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களோ கொதித்தார்கள். கோளாறு ஆட்டத்தின் அடிப்படையிலேயே இருந்தது. இராணுவம், குடிமை, பேச்சுத்திறன், சமயம் என நான்கு வகை அதிகாரப் புள்ளிகள் சேரும். அவற்றைச் செலவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், தலைமுறைகள் பிடிக்க வேண்டிய பண்பாட்டு மாற்றம் அந்தக் கணமே முடிந்துவிடும். மக்களை வேறு ஊருக்குப் பெயர்ப்பதும் அப்படியே. அரசியல் என்ற பெயரில் நடந்தது கடைக்கணக்கு. எந்த நாட்டை எடுத்தாலும் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது வேறு.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே புள்ளிமுறை நீக்கப்பட்டு, மாற்றங்கள் மெல்ல நிகழும்படி ஆனது. 2021 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பு ஆட்டத்தைப் பெரிதும் திருத்தியது, திட்டியவர்களே பாராட்டினார்கள். ஆனால் ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே கலைந்திருந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் மேம்பாட்டுப் பணி நிறுத்தப்பட்டது. இப்போது ரசிகர்கள் உருவாக்கிய ‘இன்விக்டஸ்’ என்ற இலவச மாற்றமைப்புதான் அதற்குப் புதுப்புது உள்ளடக்கம் சேர்த்துவருகிறது.