பழைய காரையும் புதிய கட்டடமும்

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் பிற்பகலில், தில்லிக்கு அடுத்த நொய்டாவில் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்கள், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அவை தரையில் சாயச் சில வினாடிகளே பிடித்தன. எஞ்சிய இடிபாடு ஏறத்தாழ 80,000 டன் என்று மதிப்பிட்டார்கள். வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டம் கலைந்த பின்னர், இத்தனையையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்வி எழுந்தது. ஒரு பகுதி கோபுரங்களின் அடித்தளப் பள்ளங்களையே நிரப்பியது. ஒரு பகுதி, நொய்டாவிலேயே இருந்த இடிபாடு அரைக்கும் ஆலைக்குச் சென்றது. நம் நாட்டில் இத்தகைய ஆலைகளுள் முதலாவது 2009-இல் தில்லியின் புராரியில் தோன்றியதாகும்.

அவ்வாறு அரைத்தெடுத்த ஜல்லியைக் கொண்டு போடும் கான்கிரீட் நிலைத்து நிற்குமா? நாம் இங்கே ஆராயப் புகுவது இதனைத்தான்.

பழைய பொருளைப் புதிய கட்டடத்தில் சேர்ப்பது புதுமையன்று. தென்னாட்டு வீடுகளின் மொட்டை மாடியில், உடைந்த செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்புடன் கலந்து, கட்டையால் அடித்து அடித்துத் தளமிட்டதை நம்மில் பலர் கண்டிருப்போம். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான ஜெர்மானிய நகரங்களில், செங்கல் இடிபாட்டை உடைத்தே கான்கிரீட் போட்டார்கள். அதற்கெனத் தர விதி ஒன்றும் 1951-இல் அங்கே வெளியாயிற்று. இவற்றைச் சுட்டிக்காட்டி, "அன்று நின்றது இன்று நில்லாதா?" என்று வாதிடுவோர் உண்டு. நமது மாடித் தளத்தைப் பொறுத்தமட்டில் அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தளத்திற்குள் இரும்புக் கம்பி இல்லை. இன்றைய வீட்டின் தூணும் உத்திரமும் கம்பியை நம்பி நிற்பவை. கம்பியோ கான்கிரீட்டை நம்பி உயிர் வாழ்வது.

மலையிலிருந்து உடைத்த கருங்கல் ஜல்லி ஒன்றையும், பழைய கான்கிரீட்டை உடைத்துப் பெற்ற ஜல்லி ஒன்றையும் கையில் எடுத்துப் பார்ப்போம். பின்னதன் மேல் பழைய சிமெண்டுக் காரை சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு தட்டினாலும் முழுவதும் உதிராது. குறை அனைத்தும் இந்தக் காரையில்தான் இருக்கிறது. கருங்கல் தன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில், பெரும்பாலும் அதற்கும் குறைவாகவே, நீரை உறிஞ்சும். காரை ஒட்டிய ஜல்லியோ அதைப்போல் பல மடங்கு உறிஞ்சும். கல் உடைபடும்போது காரையில் மயிரிழை போன்ற வெடிப்புகளும் விழுகின்றன. எனவே, புதிய கான்கிரீட்டினுள் கண்ணுக்குப் புலப்படாத வழிகள் பல அமைந்துவிடுகின்றன.

இவ்வழிகளால் கட்டடம் உடனே விழுந்துவிடாது. 28 நாள் கழித்துக் கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்க்கும் சோதனையிலும், நன்கு கலந்த கான்கிரீட் தேறிவிடக் கூடும். பொறியாளர் கையொப்பமிடுவார், வீட்டுக்காரரும் குடிபுகுவார். நசுக்கும் சோதனை வலிமையைச் சொல்லுமேயன்றி, ஆயுளைச் சொல்லாது.

ஆயுளைத் தீர்மானிப்பவை காற்றும் நீரும். சிமெண்டிலுள்ள காரத் தன்மை, கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகளின் வழியே மெல்ல நுழைந்து, அந்தக் காரத்தைத் தணிக்கிறது. அது கம்பியை எட்டிய பின், ஈரமும் சேர்ந்தால், துருப் பிடிக்கத் தொடங்கும். துரு இரும்பினும் அதிக இடத்தை அடைப்பதால் மேல்காரை வெடித்து உதிரும். வாயு உட்செல்லும் ஆழம், சென்ற காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்வது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கம்பிக்கு மேல் 30 மில்லிமீட்டர் கான்கிரீட் உள்ளது. வாயு அதைக் கடக்க 36 ஆண்டு ஆகிறது என்க. துளைகள் மிகுந்து அதன் வேகம் ஒன்றரை மடங்கானால், 24 ஆண்டு ஆகும் என்றுதான் எவரும் நினைப்பர். உண்மையில் 16 ஆண்டே போதும். வாங்கிய கடன் தீருமுன் வீட்டுக் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கலாம்!

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் இதே வழியில் நுழைகிறது. உப்பு வந்துவிட்டால், காரம் எஞ்சியிருக்கும்போதே கம்பி அரிக்கப்படும்.

இவற்றைக் கருதியே, 2016-இல் திருத்தப்பட்ட இந்தியத் தர விதி 383, இப்பொருளை அனுமதித்த கையோடு அளவும் விதித்தது. கான்கிரீட்டை மட்டும் உடைத்துப் பெற்ற பருஞ்ஜல்லியை, கம்பி இல்லாத கான்கிரீட்டில் நூற்றுக்கு 25 பங்கு வரையிலும், கம்பியுள்ள கான்கிரீட்டில் 20 பங்கு வரையிலும் சேர்க்கலாம். பின்னதிலும் எம்-25 தரத்துக்கு மேற்பட்டதில் கூடாது. எம்-15-க்குக் குறைந்த எளிய கான்கிரீட்டில் முழுவதையும் இதனாலேயே போடலாம். செங்கல், ஓடு முதலியன கலந்த இடிபாட்டு ஜல்லிக்கு இந்தக் கடைசி இடம் மட்டுமே உண்டு. இவ்வளவு கட்டுப்பாடு தேவையா என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். தரம் பிரிக்காமல் வந்து சேரும் நம் ஊர்க் குவியல்களைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது என்பதே நம் கருத்து.

குறையைக் குறைக்கவும் வழிகள் உள்ளன. ஜல்லியை முன்னதாகவே நனைத்துவிட்டால், கலவைக்கு ஊற்றிய நீரை அது திருடாது. ஜல்லியுடனும் மணலுடனும் பாதி நீரை முதலில் சேர்த்து, பின்பு சிமெண்டையும், இறுதியில் எஞ்சிய நீரையும் சேர்த்தால், சிமெண்டுக் குழம்பு பழைய வெடிப்புகளில் புகுந்து அடைக்கிறது. அனல் மின்நிலையச் சாம்பலை அளவறிந்து கலந்தால் துளைகள் நுண்மையாகி, உப்பு நுழைவது மட்டுப்படும். மற்றொன்று விந்தையானது. கம்பிக்குப் பகையான அதே கரியமில வாயுவை, கலப்பதற்கு முன் ஜல்லியின்மேல் செலுத்தினால், பழைய காரையிலுள்ள சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக மாறித் துளைகளை நிரப்புகிறது, ஜல்லி இறுகுகிறது.

ஆனால் ஜிப்சம் பூச்சு கலந்துவிட்ட ஜல்லியை இவ்வழிகளால் திருத்த முடியாது. அந்தச் சல்பேட்டு, சிமெண்டோடு சேர்ந்து உள்ளேயே பருத்துக் கான்கிரீட்டை விரிசலிடச் செய்யும். ஆகவே இடிக்கும் இடத்திலேயே பூச்சு, மரம், செங்கல், கான்கிரீட் என்று தனித்தனியே குவிக்க வேண்டியிருக்கிறது. கூலி சற்றுக் கூடுதலாகும். ஆலைக்கு வந்து சேர்ந்த பிறகு பொடியாய்ப் போன ஜிப்சத்தைப் பொறுக்க எந்த இயந்திரத்தாலும் எளிதில் இயலாது. நடைபாதைக் கல்லுக்கும் சாலையோரக் கட்டைக்கும் போகும் ஜல்லியிலும், கம்பி இல்லையென்று, இந்தப் பிரிப்பை விட்டுவிட முடியாது. மழைநீர் தேங்குமிடம் அதுவே.