இருமலுக்கு நம் கடைச் சரக்கு: விற்கும்போது அறிந்திருக்க வேண்டியவை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் கடைகளில் சில சரக்குகளின் விற்பனை தானாகவே கூடிவிடும். ஐப்பசி பிறந்தது முதல் தை மாதப் பனி குறையும் வரை சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு ஆகியவற்றைக் கேட்டு வருவோர் அதிகம். இது நாம் ஆண்டுதோறும் காண்பதே. 2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் தமிழக அரசே கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்கியபோது, இந்தச் சரக்குகளுக்கு எவ்வளவு தேவை ஏற்பட்டது என்பதையும் வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2025-ஆம் ஆண்டில் இன்னொரு செய்தி நாட்டையே உலுக்கியது. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. இத்தகைய செய்திகளைப் படிக்கும் தாய்மார்கள் சிரப்பைக் கண்டு அஞ்சி, "பிள்ளைக்கு இருமல், என்ன கொடுக்கலாம் அண்ணாச்சி?" என்று மளிகைக் கடையில் வந்து கேட்பது இயல்பு.

நாம் வைத்தியர்கள் அல்லர். ஆயினும் கல்லாவில் இருந்தபடி நாம் சொல்லும் ஒரு சொல்லை நம்பி அவர் வீட்டுக்குப் போகிறார். ஆகவே, விற்கும் சரக்கு என்ன செய்யும், என்ன செய்யாது, யாருக்கு ஆகாது என்பவற்றை ஒவ்வொரு வணிகரும், கடையில் எடை போடும் பையன்களும் தெரிந்திருப்பது அவசியம்.

எந்தச் சரக்கு எதற்கு?

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்ததே திரிகடுகம். உடல் நோய்க்கு இம்மூன்றும் மருந்தாவது போல் மூன்று மூன்று கருத்துகளைச் சொல்லும் நூலுக்கு நல்லாதனார் அந்தப் பெயரையே வைத்தார் என்றால், இது எவ்வளவு பழைய வழக்கம் என்பது விளங்கும். மூன்றையும் சம அளவில் இடித்துச் சலித்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தேனில் குழைத்துச் சாப்பிடுவது பெரியவர்களுக்கான வீட்டு வழக்கம்.

சுக்கு, மல்லியுடன் சேர்த்துக் காப்பியாகப் போகிறது. கருப்பட்டி போட்டுக் குடிப்பார்கள். சுக்குக்குப் புறத்தே நஞ்சு என்று பெரியவர்கள் சொல்வதால் தோலைச் சீவிவிட்டே பயன்படுத்த வேண்டும். மிளகு, ரசத்துக்கும் இரவில் குடிக்கும் மஞ்சள் பாலுக்கும் போகிறது.

திப்பிலியில் இரண்டு சரக்கு உண்டு என்பதைப் புதிதாகத் தொழிலுக்கு வருவோர் கவனிக்க வேண்டும். காய் போன்று சிறு கதிராக இருப்பது அரிசித் திப்பிலி. அதே கொடியின் வேர், தண்டுத் துண்டுகளே கண்டந்திப்பிலி. கண்டந்திப்பிலி ரசம் வைக்க வருகிறவருக்கு அரிசித் திப்பிலியைக் கட்டிக் கொடுத்தால் ரசம் தாங்க முடியாத காரமாகிவிடும். "ரசத்துக்கா, பொடிக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் குழப்பம் இல்லை.

அதிமதுரமும் சித்தரத்தையும் தொண்டைக் கரகரப்புக்கும் வறட்டு இருமலுக்கும் கேட்கப்படுபவை. சிறு துண்டை வாயில் அடக்கிச் சாறு விழுங்குவார்கள். அல்லது தட்டிப் போட்டுக் கஷாயம் வைப்பார்கள். இரண்டு தம்ளர் நீரை அரைத் தம்ளராகச் சுண்டக் காய்ச்சுவது பொது வழக்கம்.

இவை வேலை செய்யும் விதம்

இருமல் என்பது காற்றுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியே தள்ள உடல் செய்யும் ஏற்பாடு. சாதாரண சளி இருமல் பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது. அது தானாகவே தணியும். இருமல் மட்டும் சிலருக்கு இரண்டு, மூன்று வாரம் வரை இழுக்கலாம். நம் சரக்கு எதுவும் அந்தக் கிருமியைக் கொல்வதாகச் சொல்ல முடியாது. குணமாகும் வரை உள்ள தொல்லையை அவை குறைக்கின்றன.

மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் என்ற காரப்பொருள் இருக்கிறது. இஞ்சியில் உள்ள காரப்பொருளின் ஒரு பகுதி, காய்ந்து சுக்காகும்போது இன்னும் கடுமையான வேறொரு காரப்பொருளாக மாறுகிறது. சுக்கின் காரம் இஞ்சியினும் தனியாகத் தெரிவது இதனால்தான். இந்தக் காரம் உமிழ்நீரையும் மூக்கு நீரையும் பெருக்குவதால் கட்டியிருக்கும் சளி இளகுகிறது. சூடான ரசமும் கஷாயமும் தொண்டைக்கு இதம் தருவதோடு உடலுக்கு வேண்டிய நீரையும் தருகின்றன. தேனும் பனங்கற்கண்டும் தொண்டையில் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து அரிப்பைத் தணிக்கின்றன. இவற்றில் தேனைப் பற்றி மருத்துவ உலகமே ஆராய்ந்துள்ளது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் இருமலைத் தேன் ஓரளவு குறைக்கிறது என்பதே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு.

சரக்குப் பார்த்து வாங்குதல்

மருந்தாக நினைத்து வாங்கும் பொருளில் கலப்படம் இருந்தால் அது இரட்டைத் தீங்கு. கொள்முதலில் கவனிக்க வேண்டியவை வருமாறு:

மிளகு: கையில் அள்ளினால் கனமாக இருக்க வேண்டும். மொத்த வியாபாரத்தில் லிட்டர் எடை பார்ப்பது இதற்காகத்தான். ஒரு தம்ளர் நீரில் போட்டால் முற்றிய மிளகு அமிழும். பொக்கு மிளகும் பப்பாளி விதையும் மிதக்கும். மிதப்பதை எடுத்து உடைத்துப் பாருங்கள். பப்பாளி விதை சற்று நீண்டு, சுருங்கி இருக்கும். மிளகின் காரம் இராது. அளவுக்கு மீறிப் பளபளக்கும் மிளகையும் சந்தேகிக்க வேண்டும். 2012 டிசம்பரில் கொச்சிக் கிடங்குகளில் இருந்த பல ஆயிரம் டன் மிளகு, கனிம எண்ணெய் பூசப்பட்டதாக எழுந்த புகாரால் முடக்கப்பட்டது வணிக உலகம் அறிந்த செய்தி.

சுக்கு: ஒடித்தால் நார் தெரிந்து, வாசனை மூக்கில் ஏற வேண்டும். சுண்ணாம்பு பூசிய சுக்கு வெள்ளையாக அழகாகத் தெரியும். வண்டு துளைத்த பழைய சரக்கின் ஓட்டைகளும் அந்தப் பூச்சில் மறைந்துவிடும். ஆகவே மூட்டைக்கு நான்கைந்து துண்டையாவது ஒடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

அதிமதுரம்: ஆப்கானிஸ்தான், ஈரான் முதலிய நாடுகளிலிருந்து வரும் சரக்கு. உள்ளே மஞ்சளாக, மென்றால் நீடித்த இனிப்போடு இருக்க வேண்டும். குன்றிமணிக் கொடியின் வேரை இதற்குப் பதிலாகத் தள்ளுவதுண்டு. சுவை பார்க்காமல் வாங்கவே கூடாது.

மஞ்சள்: பொடியாக வாங்குவதைவிட விரலியாக வாங்கி அரைத்து விற்பது நல்லது. நிறத்துக்காகச் சேர்க்கப்படும் லெட் குரோமேட்டில் ஈயம் உள்ளது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். விரலியிலும் மேலே இதைப் பூசுவதுண்டு என்பதால், கையில் தேய்த்ததும் பளிச்சென்று ஒட்டும் சரக்கை ஒதுக்கிவிடுங்கள்.

பனங்கற்கண்டு: சீனிக் கற்கண்டைப் பழுப்பு நிறமூட்டிப் பனங்கற்கண்டு என்று விற்கும் மோசடி பெருகியிருக்கிறது. பதநீரைக் காய்ச்சிப் பல நாட்கள் ஊறவிட்டு எடுக்கும் சரக்கு மலிவாகக் கிடைக்க வழியில்லை. சந்தை விலையைவிட மிகவும் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எச்சரிக்கை கொள்ளுங்கள்.

தேன்: தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது போன்ற சோதனைகளை நம்ப வேண்டாம். கெட்டியான சர்க்கரைப் பாகும் அவற்றில் தேறிவிடும். தேன் உறைந்து சர்க்கரை போலாவது கலப்படத்துக்கு அடையாளமும் அன்று. நல்ல தேனும் உறையும். நம்பகமான இடத்தில், அக்மார்க் முத்திரை உள்ள சரக்கைப் பில்லுடன் வாங்குவதே வழி.

இருப்பு வைத்தல்

மழைக்காலத்தில் விற்கும் சரக்குக்கு மழைக்கால ஈரமே எதிரி. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பூஞ்சணம் பிடித்த சுக்கையும் திப்பிலியையும் வெயிலில் போட்டுத் துடைத்து விற்பது பாவம். பூஞ்சண நஞ்சு வெயிலில் போகாது. வண்டுக்காகப் பூச்சி மருந்து தூவவும் கூடாது. கற்பூரம், ஊதுபத்தி, கொசுவர்த்தி, சோப்பு ஆகியவற்றின் அருகில் இவற்றை வைத்தால் அந்த வாடை ஏறிவிடும். முதலில் வந்த சரக்கை முதலில் தள்ளுங்கள்.

இன்னொன்று, நம்மைப் பற்றியது. வற்றல் மூட்டை கொட்டும்போதும், மல்லி, மஞ்சள் சலிக்கும்போதும் எழும் தூசியால் கடை ஊழியர்களுக்கே இருமல் பிடிக்கிறது. மூக்கையும் வாயையும் மூட முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கிக் கை கால்களையும் மூச்சையும் செயலிழக்கச் செய்யலாம். தேன் கேட்பவரிடம் "குழந்தைக்கா? வயது என்ன?" என்று கேளுங்கள்.

பேர் சொல்லாதது என்று நாம் பொட்டலம் கட்டும் வசம்பையும் பச்சிளங்குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டாம். அதில் நச்சுத்தன்மை உள்ள பொருள் இருப்பது தெரியவந்துள்ளது. கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். மூக்கடைப்புக்கென்று குழந்தையின் மூக்கில் தடவுவதும் ஆபத்து. கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைத்துக் குழந்தைகள் வெந்துபோவதும் நடக்கிறது.

அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும். உடலில் பொட்டாசியம் சத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. கருப்பட்டியும் பனங்கற்கண்டும் தேனும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையே. "பனஞ்சரக்கு, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி விற்காதீர்கள்.

எப்போது மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்?

இரண்டு வாரம் தாண்டிய இருமல், சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், உடல் இளைத்தல் ஆகியவை காசநோயின் அடையாளமாக இருக்கலாம். ஒரே வாடிக்கையாளர் மூன்றாவது வாரமும் சுக்கும் திப்பிலியும் வாங்க வந்தால், பொட்டலத்தோடு ஒரு நல்ல வார்த்தையும் சேர்த்துக் கொடுங்கள். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். தாமதித்தால் அவர் வீட்டாருக்கும் பரவும்.

மூச்சுத் திணறல், மூச்சு விடும்போது குழந்தையின் விலா உள்ளே இழுத்தல், பால் குடிக்க மறுத்தல் இவையெல்லாம் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். நிலக்கடலை, பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்த சிறு பிள்ளை திடீரென்று இருமத் தொடங்கினால் அது சளி அன்று. கடலை மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். கஷாயம் காய்ச்ச அங்கே நேரம் இல்லை.

சட்டம் சொல்வது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன்படி, யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்கு பாதுகாப்பற்றது என்று தெரியவந்தால், விற்றவரே பொறுப்பாளி. கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்குகிறவர், அந்தச் சில ரூபாய்க்காகக் கடையையே பணயம் வைக்கிறார். மாதிரி எடுக்கும் நாளில் நம்மைக் காப்பது கொள்முதல் பில் ஒன்றே.

சுக்குக் காப்பித்தூள், திரிகடுகப் பொடி போன்றவற்றை நாமே பாக்கெட் போட்டு விற்றால் பொருளின் பெயர், நம் முகவரி, நிகர எடை, பாக்கெட் செய்த மாதம், ஆண்டு, அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவை அச்சாகி இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிம எண்ணும் வேண்டும். "ஆஸ்துமா தீரும்", "காசநோய் குணமாகும்" என்று பாக்கெட்டிலோ பலகையிலோ எழுதாதீர்கள். காசநோய் முதலிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மருந்து உரிமம் இல்லாத மளிகைக் கடையில் இருமல் சிரப் பாட்டிலை வாடிக்கையாளர் வசதிக்கென்று வைத்திருப்பதையும் இன்றே நிறுத்திவிடுங்கள். 2025-இல் நடந்ததற்குப் பிறகும் அந்த ஆபத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

மருந்துச் சரக்கில் வரும் லாபம், அரிசி பருப்போடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் நோயுற்ற வீட்டுக்கு நல்ல சரக்குக் கொடுத்த கடையை அந்தக் குடும்பம் மாதச் சாமானுக்கும் தேடி வரும். கெட்ட சரக்குக் கொடுத்த கடையையும் அதே குடும்பம் தெரு முழுக்கச் சொல்லும். எனவே மழைக்காலக் கொள்முதலைத் தொடங்கும் முன் பழைய இருப்பைக் கொட்டிப் பார்த்து, பூச்சி பிடித்ததைக் கழித்து, புதுச் சரக்கை ஒடித்தும் சுவைத்தும் பார்த்து வாங்குமாறு உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். "ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்காதீர்கள், இரண்டு வார இருமலுக்கு மருத்துவரைப் பாருங்கள்" என்ற இரண்டு வரியைக் கல்லா அருகில் எழுதித் தொங்கவிட்டால் அதற்கு ஆகும் செலவு ஓர் அட்டைதான்.