துப்பாக்கியும் சட்டமும்: எல்லையோர மக்கள் அறிய வேண்டியவை

பள்ளிப்பட்டில் பஸ் ஏறி நகரிக்கும் புத்தூருக்கும் திருப்பதிக்கும் போய்வருகிற நெசவாளியும் கூலியாளும், ஒரு ராஜ்யத்துப் போலீஸின் அதிகாரத்தை விட்டு மற்றொரு ராஜ்யத்துப் போலீஸின் அதிகாரத்துக்குள் பிரவேசிக்கிறோம் என்ற நினைவே இல்லாமல் போய்வருகிறார்கள். திருத்தணி வட்டாரம் 1960-இல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு மாறியதே ஒழிய, உறவும் பிழைப்பும் தமிழும் தெலுங்கும் இன்றுவரை அந்தக் கோட்டின் இருபுறமும் கலந்தே இருக்கின்றன. ஆயினும், பிழைப்பை நாடி அந்தக் கோட்டைக் கடந்த தமிழ்க் கூலியாட்கள் 20 பேர் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதை இவ்வூரார் மறக்கலாகாது.

2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தலைத் தடுப்பதற்கென ஆந்திர அரசு அமைத்திருந்த ஆயுதம் தாங்கிய தனிப்படை, இரண்டு இடங்களில் இவர்களைச் சுட்டது. கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். தப்பி வந்தவர்களோ, தங்கள் கூட்டாளிகளைப் போலீஸார் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர், பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததால் அவளுடைய கணவன் என்று எண்ணித் தம்மை விட்டுவிட்டார்கள் என்றார். இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும், மத்திய புலனாய்வுத் துறையின் விசாரணையும் வேண்டுமென்று ஆணையம் அவ்வாண்டு மே மாதத்தில் பரிந்துரைத்தது.

கடத்தல்காரர்களின் கையால் 2013 டிசம்பரில் வனத்துறை அலுவலர் இருவர் அதே காட்டில் கொல்லப்பட்டது கொடுமையே. கடத்தலை ஒடுக்குவதும் அரசின் கடமையே. ஆனால், மரம் வெட்டியதற்கு எந்தச் சட்டமும் மரண தண்டனை விதிக்கவில்லை என்பதையும், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவனைக் கைது செய்யும் முயற்சியில் அவன் பிராணனைப் போக்குவதற்குப் போலீஸுக்கு உரிமையில்லை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு இன்றும் சொல்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், தற்காப்பு என்ற வாதத்தைப் போலீஸின் வாய்மொழியாக மட்டும் ஏற்காமல் சாட்சியத்தால் பரிசோதிப்பது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

போலீஸைப் பட்டாளமாக்கும் வழக்கம் நம் நாட்டில் புதிதன்று. மாப்பிள்ளைக் கலகத்தை ஒட்டி 1921-இல் வெள்ளைக்காரச் சர்க்கார் நிறுவிய மலபார் ஸ்பெஷல் போலீஸின் வழி வந்ததே இன்றைய தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. பிரஜையைச் சத்துருவாகப் பாவிக்கும் பயிற்சியும் யுத்த ஆயுதமும் ஒரு படைக்குக் கொடுத்து, கணக்குக் கேட்கும் ஏற்பாட்டை மட்டும் கொடாமல் விட்டால், விளைவு எங்கும் ஒன்றுதான். சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் 18 பெண்களைப் பலாத்காரம் செய்தனர்; ஊரையும் சூறையாடினர். ஆனால் அந்த ஏழைகள் சலியாமல் வழக்காடியதன் பலனாக, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011-இல் தண்டிக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் 2023-இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. சீருடை குற்றத்துக்குக் கவசமாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய திருஷ்டாந்தம் வேண்டாம்.

இனி, ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டியவை. கைது செய்பவர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு என்ற காகிதம் ஒன்று அவ்விடத்திலேயே எழுதப்பட்டு, அதில் நாளும் நேரமும் குறிக்கப்பட்டு, குடும்பத்தாரோ உள்ளூர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சியாகவும், கைதானவர் தாமும் கையெழுத்திட வேண்டும். கைதின் காரணத்தை அவருக்குச் சொல்லவும், உறவினருக்குத் தகவல் தரவும், வக்கீலைக் காண அனுமதிக்கவும், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நடுவர்முன் நிறுத்தவும் போலீஸ் கடமைப்பட்டிருக்கிறது. நடுவர்முன் நிற்கும்போது உடம்பில் காயமிருந்தால் அஞ்சாமல் காட்டிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்; அடிபட்டவருக்கு அந்தப் பதிவே முதல் சாட்சி. அசாதாரணமான சந்தர்ப்பத்தில், பெண் அதிகாரி நடுவரிடம் முன்னனுமதி பெற்றாலன்றி, சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையில் பெண்களைக் கைது செய்யக் கூடாது.

எல்லைக்கு அப்பால் அநீதி நேர்ந்தாலும் புகாரைப் பள்ளிப்பட்டுக் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். எல்லை பாராமல் அதைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டுமென்பது சட்டம். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, பிறகு நடுவரை நாடலாம். போனவர் எங்கே என்றே தெரியாவிட்டால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைத் தாமதமின்றிப் போட வேண்டும். தமிழகப் போலீஸ்மீது மாநில மனித உரிமை ஆணையத்திடமும், ஆந்திரப் போலீஸ்மீது தேசிய ஆணையத்திடமும், சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும்; தேசிய ஆணையத்துக்குத் தமிழிலோ தெலுங்கிலோ எழுதலாம், கட்டணமில்லை. மோதலில் மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவதும், சம்பந்தப்படாத வேறு போலீஸார் புலன் விசாரிப்பதும், நடுவர் விசாரணையும் கட்டாயமென்று 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்திருப்பதால், குடும்பத்தார் அவற்றை உரிமையோடு கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று கலங்குகிறவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைப் பெறலாம்.

வேலைக்கு அழைக்கும் மேஸ்திரியின் பெயரையும், போகும் இடத்தையும், செய்யப்போகும் வேலையையும் வீட்டில் எழுதிவைக்காமல் எவரும் புறப்பட வேண்டாம். ஊராட்சி மன்றங்களும் நெசவாளர் சங்கங்களும் இவ்விதிகளைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டுப் பஸ் நிலையத்தில் ஒட்டி வைக்கட்டும். கூலிக்குப் போகிற ஏழை, தன் உரிமையை அறிந்தே பஸ் ஏறட்டும்.